கோட்மேன் 12 வண்ணப் பெட்டி: நிறம் என்ன செய்கிறது என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு

வின்சர் அண்ட் நியூட்டன் கம்பெனியின் கோட்மேன் ஸ்கெட்சர்ஸ் பாக்கெட் பாக்ஸ் பற்றிய விமர்சனம் இது. கையில் அடங்கும் பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே பன்னிரண்டு சின்ன வாட்டர்கலர் கட்டிகள், ஒரு குட்டி பிரஷ், திறந்தால் மூடியே கலவைத் தட்டாகிவிடும். வாங்கலாமா என்று கேட்டால் தயங்காமல் வாங்கலாம். கட்டி எவ்வளவு காலம் வரும், மூடி இறுக்கமாக மூடுகிறதா என்பதையெல்லாம் எங்கே வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஓவியத்தில் நிறம் செய்கிற வேலையைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள ஒரு பெட்டி உதவ வேண்டும், இது உதவுகிறது.

உள்ளே இருப்பவை: மஞ்சள் இரண்டு (லெமன், காட்மியம்), சிவப்பு இரண்டு (வெளிர் காட்மியம் சிவப்பு, அலிசரின் கிரிம்சன்), நீலம் இரண்டு (அல்ட்ராமரின், கோபால்ட்), பச்சை இரண்டு (விரிடியன், சாப் கிரீன்), அப்புறம் மண் நிறங்கள் மூன்று, யெல்லோ ஆக்கர், பர்ன்ட் சியென்னா, பர்ன்ட் அம்பர். கடைசியாக ஒரு சைனீஸ் ஒயிட். 36, 48 என்று கட்டிகள் நிறைந்த பெட்டிகளோடு ஒப்பிட்டால் இது குறைவாகத் தெரியும். ஆனால் பெரிய பெட்டிகளில் தோலுக்கு ஒரு நிறம், வானத்துக்கு ஒரு நிறம், இலைக்கு ஒரு நிறம் என்று தயாராக இருக்கும், கை நேராக அதற்குத்தான் போகும். எதிரே இருக்கிற மரம் உண்மையில் என்ன பச்சை என்று பார்க்கும் வேலையே நடக்காது. இங்கே பார்த்தே ஆக வேண்டும். லெமன் மஞ்சளோடு விரிடியன் சேர்த்தால் பளிச்சென்று இளந்தளிர்ப் பச்சை வரும், காட்மியம் மஞ்சளோடு அல்ட்ராமரின் சேர்த்தால் சாலையோர வேப்பமரத்தில் தூசி படிந்த மங்கல் பச்சை வரும். இரண்டும் மஞ்சள், ஆனால் ஒன்று குளிர்ச்சிப் பக்கம் சாய்ந்தது, இன்னொன்று சூட்டுப் பக்கம். மஞ்சள், சிவப்பு, நீலம், பச்சை நான்கையும் இப்படி ஜோடி ஜோடியாகத் தேர்ந்தெடுத்திருப்பதுதான் இந்தப் பெட்டியின் பலம் என்பேன்.

இதை வைத்து நான் அதிகம் வரைந்தது காவியும் வெள்ளையும் பட்டை பட்டையாக அடித்த கோயில் மதிலைத்தான். நிறத்தைப் படிக்க இதைவிட நல்ல பாடம் நம் ஊரில் கிடைக்காது. காவிப் பட்டைக்குப் பர்ன்ட் சியென்னாவில் துளி காட்மியம் சிவப்பு, வெள்ளைப் பட்டைக்குத் தாளை அப்படியே விட்டுவிட வேண்டும். சரி, மாலை நேரத்தில் பக்கத்து அரசமரத்தின் நிழல் அந்த மதிலில் விழுகிறது. நிழல் ஒன்றுதான். ஆனால் வெள்ளையின் மேல் அது நீலம் கலந்த ஊதாவாகத் தெரிகிறது, காவியின் மேல் ஆழ்ந்த பழுப்பாகத் தெரிகிறது. ஒரே நிழலுக்கு இரண்டு கலவை போட வேண்டும், போட்டு முடித்தவுடன் தட்டையாக இருந்த தாளில் வெயில் வந்துவிடும். பிரெஞ்சு ஓவியர் மோனேயின் படங்களில் வருகிற ஊதா நிழல்களைப் பார்த்து இது வெறும் கற்பனை என்று நினைக்கிறவர்கள் வெயில் நேரத்தில் ஒரு வெள்ளைச் சுவரை நின்று பார்க்கட்டும். நேர் வெயில் படாத இடத்துக்கு வெளிச்சம் தருவது நீல வானம், அதனால் நிழலில் நீலம் ஏறுகிறது. கருப்பைத் தண்ணீரில் கரைத்து நிழல் போட்டால் படம் செத்துவிடும். இந்தப் பெட்டியில் கருப்பே கிடையாது, அது நல்லதுக்குத்தான். அல்ட்ராமரினும் பர்ன்ட் சியென்னாவும் சேர்ந்தால் சாம்பலிலிருந்து ஏறக்குறைய கருப்பு வரை எல்லாம் வரும், எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதும் நம் கையில் இருக்கும்.

மண் நிறங்களைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஆக்கர், சியென்னா, அம்பர் எல்லாவற்றுக்கும் நிறம் கொடுப்பது இரும்பு ஆக்சைடு, அம்பரில் மாங்கனீசும் சேரும். இன்று கம்பெனிகள் பெரும்பாலும் செயற்கையாகத் தயாரிக்கின்றன, ஆனால் பொருள் அதேதான். மஞ்சள் காவியும் செங்காவியும் குகை ஓவியங்களிலிருந்து அஜந்தா, சித்தன்னவாசல் வரை தொடர்ந்து வருவதற்குக் காரணம் அழகு மட்டும் இல்லை. துருப்பிடித்து முடிந்த இரும்பு அது, வெளிச்சம் அதை இனி ஒன்றும் செய்ய முடியாது. சித்தன்னவாசல் கூரையில் ஒன்பதாம் நூற்றாண்டுத் தாமரைக் குளம் இன்றும் தெரிகிறதென்றால் அதில் மனிதர்கள் செய்த சேதத்தையும் தாண்டி நிறம் நின்றிருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து அல்ட்ராமரின். இந்தக் கட்டியைத் தொடும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு. ஐரோப்பியர்களுக்கு ஒரு காலத்தில் இந்த நீலம் ஆப்கானிஸ்தானின் படக்‌ஷான் மலைகளில் வெட்டியெடுத்த லாபிஸ் லசூலி கல்லை அரைத்துத்தான் கிடைத்தது. அதனால் படத்தில் எங்கே இந்த நீலம் வருகிறதோ அங்கே பணமும் பக்தியும் சேர்ந்தே வந்தன, மேரி மாதாவின் மேலாடை நீலமாக இருப்பதில் அதற்கும் பங்குண்டு. 1485-இல் ஃபுளோரன்ஸ் நகரத்து அனாதைக் குழந்தைகள் இல்லத்துக்காக ஓவியர் கிர்லாண்டாயோ செய்துகொண்ட ஒப்பந்தத்தில், நீலம் அவுன்ஸ் சுமார் நான்கு ஃபுளோரின் (அந்த ஊர்த் தங்கக் காசு) மதிப்புள்ள அல்ட்ராமரினாக இருக்க வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். மலிவான நீலத்தைப் பூசிவிட்டுப் போக முடியாது. டச்சு ஓவியர் வெர்மீர் வரைந்த, முத்துத் தோடு அணிந்த பெண்ணின் தலைப்பாகையில் இருப்பதும் அந்தக் கல்லின் நீலம்தான். பிறகு 1824-இல் பிரான்சில் இதைச் செயற்கையாகச் செய்து காட்டுகிறவருக்கு 6,000 ஃபிராங்க் பரிசு என்று அறிவித்தார்கள், 1828-இல் அது கிமே என்பவருக்குப் போனது. அதோடு அந்த விலை மதில் இடிந்தது. இன்று கட்டியின் மேல் பி.பி. 29 என்று குறியீடு போட்டு வருவது அந்தச் செயற்கை நீலம், கல்லின் நீலத்துக்கு நிறம் தரும் அதே கட்டமைப்புதான் இதற்குள்ளும் இருக்கிறது. சொரசொரப்பான தாளில் நிறையத் தண்ணீரோடு விட்டுப் பாருங்கள், துகள்கள் தாளின் பள்ளங்களில் போய் உட்கார்ந்து மணல் தூவிய மாதிரி ஒரு அமைப்பு வரும். மழை மேகத்துக்கு அதுவே போதும்.

ஒரு நிறத்துக்கு என்று நிரந்தரமான அர்த்தம் இருக்கிறதா என்ற கேள்வி வரைகிற எல்லோருக்கும் வரும். சிவப்பு என்றால் கோபம், நீலம் என்றால் சோகம் என்று வரிசையாகப் போடும் பட்டியல்களை நான் நம்புவதில்லை. நாட்டிய சாஸ்திரத்தில் ரௌத்திரத்துக்குச் சிவப்பு, அது பழகிய மாதிரி இருக்கும். ஆனால் அற்புதத்துக்கு மஞ்சள், ஹாஸ்யத்துக்கு வெள்ளை, அருவருப்புக்கு நீலம் என்று போகும்போது நம் ஊகம் உடைந்துவிடும். அதே சிவப்பு சீன நாடக மேடையில் குவான் யூவின் முகத்தில் விசுவாசத்தையும் வீரத்தையும் சொல்கிறது, வெள்ளை முகத்தோடு வருகிற சாவ் சாவ்தான் அங்கே சூழ்ச்சிக்காரன். கதகளியில் அர்ஜுனனும் நளனும் பச்சை முகத்தோடு வருகிறார்கள், செந்தாடி வேஷத்தில் வருகிறவர்கள் துச்சாதனன் மாதிரியான முரடர்கள். பெட்டியில் இருக்கிற விரிடியனை அப்படியே தாளில் இழுத்தால் அதில் எந்த இலையும் தெரியாது, இயற்கையில் காண்பது அபூர்வமான பச்சை அது. கதகளி முகத்தின் பச்சையும் அப்படித்தான், மனித முகத்தில் இருக்கவே முடியாத நிறம் என்பதால்தான் நிலவிளக்கின் வெளிச்சத்தில் அது நாயகனை மற்றவர்களிடமிருந்து பிரித்துத் தூக்கிக் காட்டுகிறது. அந்த நிறத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகிய சபை எதிரே உட்கார்ந்திருக்கிறது, அர்த்தத்தில் பாதி அவர்களிடம்தான் இருக்கிறது.

இன்னொரு பாதி பக்கத்து நிறத்தில் இருக்கிறது. செவ்ரல் என்ற வேதியியலாளர் பாரிசின் கோப்லேன் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கருப்பு நூல் சரியாகச் சாயம் ஏறவில்லை என்று புகார் வந்தது. ஆராய்ந்து பார்த்தால் சாயத்தில் குறை இல்லை, பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும் அந்தக் கருப்பை மங்கலாகக் காட்டியிருக்கின்றன. இதையெல்லாம் அவர் 1839-இல் புத்தகமாகப் போட்டார், பின்னால் வந்த ஓவியர்கள் பலர் அதை எடுத்துக்கொண்டார்கள். வான்கோ 1888-இல் வரைந்த இரவு விடுதிப் படத்தில் சிவப்பும் பச்சையும் மோதிக்கொண்டே இருக்கும், மனிதனின் பயங்கரமான உணர்ச்சிகளை அந்த இரண்டு நிறங்களால் சொல்லப் பார்த்தேன் என்று தம்பிக்கே கடிதம் எழுதியிருக்கிறார். பெட்டியை வாங்கியவுடன் இதைச் செய்து பாருங்கள்: ஆக்கர் கலந்த ஒரே சாம்பலை இரண்டு சதுரமாகப் பூசி, ஒன்றைச் சுற்றி அலிசரின், இன்னொன்றைச் சுற்றி விரிடியன். இரண்டும் ஒரே சாம்பல் என்று பக்கத்தில் இருப்பவரை நம்பவைக்கவே முடியாது. அதே அலிசரினையும் விரிடியனையும் தட்டில் ஒன்றாகக் கலந்தால் இரண்டுமே அடங்கி அமைதியான சாம்பல் ஆகிவிடும். பக்கத்தில் வைத்தால் சண்டை, கலந்தால் சமாதானம்.

அலிசரின் பற்றி ஒரு எச்சரிக்கை. இந்தச் சிவப்பு முதலில் மஞ்சிட்டி இனத்து வேர்களிலிருந்து வந்தது. நம் சோழமண்டலக் கரையில் கலம்காரித் துணிகளுக்குச் சிவப்பு கொடுத்த சாயவேரிலும் அலிசரின்தான் இருக்கிறது. 1868-இல் ஜெர்மனியில் கிரேபேயும் லீபர்மனும் அதை ஆய்வுக்கூடத்தில் தயாரித்தார்கள். ஆனால் ஓவியத் தாளில் மெல்லிய பூச்சாகப் போட்ட அசல் அலிசரின் வெளிச்சத்தில் மங்கும். வேறொரு மலிவான பெட்டியின் கருஞ்சிவப்பில் நான் வரைந்த செம்பருத்தி, ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டியிருந்தது, இப்போது வெளிறிய ரோஜா நிறத்தில் இருக்கிறது. அந்தப் பெட்டியில் நிறமியின் குறியீடும் இல்லை, வெளிச்சத்தைத் தாங்குமா என்ற விவரமும் இல்லை. வான்கோவின் படுக்கையறைப் படத்தில் சுவர்கள் வெளிர் ஊதாவாக இருந்து, சிவப்பு மங்கிப்போனதால் இன்று நீலமாகத் தெரிகின்றன. அவர் நினைத்த அமைதி வேறு, நாம் பார்க்கிற அமைதி வேறு. அதனால்தான் குறியீட்டையும் தாங்குதிறனையும் வெளிப்படையாகச் சொல்கிற கம்பெனியிடம் வாங்குங்கள் என்கிறேன். கோட்மேன் வரிசைக்கு இந்த விவரங்கள் எல்லாம் கிடைக்கின்றன, அலிசரின் ‘ஹ்யூ’ என்று வருவது மங்கும் நிறமிக்குப் பதிலாக வேறொன்றைப் போட்டது.

ஹ்யூ என்ற சொல் இந்தப் பெட்டியில் பல கட்டிகளின் பெயரோடு ஒட்டியிருக்கும். காட்மியம் ஹ்யூ என்றால் உள்ளே காட்மியம் என்ற நச்சு உலோகம் கிடையாது, அதே சாயலில் வேறு நிறமி. இது மாணவர் தரம், விலை குறைய அதுதான் காரணம். காட்மியத்தின் கனமான மூடுதிறன் வேண்டுமென்றால் அவர்களுடைய உயர்தர வரிசைக்குப் போக வேண்டும், விலை நன்றாக ஏறும். கற்றுக்கொள்கிற நிலையில் அது தேவையில்லை. வீட்டில் சின்னப் பிள்ளைகள் பிரஷை வாயில் வைப்பார்கள் என்றால் காட்மியம் இல்லாதது இன்னும் நல்லது.

சைனீஸ் ஒயிட் இந்தக் கம்பெனியே 1834-இல் கொண்டுவந்த துத்தநாக வெள்ளை, வரலாறு பெரியதுதான். ஆனாலும் வாட்டர்கலரில் வெள்ளை என்பது தாள். மதிலின் வெள்ளைப் பட்டை, தண்ணீரின் மினுக்கு, கோலம் எல்லாம் விட்டுவைத்த தாளாக இருக்கும்போதுதான் ஒளி விடும். அந்தக் கட்டியை எடுத்துவிட்டு அங்கே ஒரு நல்ல மெஜந்தாவை வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து, போகன்வில்லாவும் அரளியும் வரைய இந்தப் பெட்டியில் இருக்கிற சிவப்புகள் போதாது. சாப் கிரீன் வசதியானது, ஆனால் அதை அப்படியே பூசுகிற பழக்கம் வந்துவிட்டால் எல்லா மரமும் ஒரே மரமாகிவிடும்.

வரிசைக்குப் பெயர் தந்த ஜான் செல் கோட்மேன் 1782-இல் பிறந்த ஆங்கிலேய வாட்டர்கலர் ஓவியர். பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் அவருடைய கிரேட்டா பாலம் படத்தை இணையத்தில் தேடிப் பாருங்கள். அடக்கமான பழுப்பு, நீலம், பச்சை, அவ்வளவுதான், ஒவ்வொன்றும் தட்டையான தெளிவான பூச்சு, ஒன்றின் ஓரத்தில் இன்னொன்று சரியாக வந்து உட்கார்ந்திருக்கும். எத்தனை குறைவான நிறத்தில் எவ்வளவு வெளிச்சம் கொண்டுவந்திருக்கிறார் என்று பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும்.

வாங்குகிறவர்களுக்குச் சில விஷயங்கள். உள்ளே இருக்கும் பிரஷ் பயணத்துக்கு மட்டும், ஆறு அல்லது எட்டாம் எண் உருண்டை பிரஷ் ஒன்று தனியாக வேண்டும். தாளில் மிச்சம் பிடிக்காதீர்கள், 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனம் இல்லாவிட்டால் மேலே சொன்ன எதுவும் சரியாக வராது. கட்டிகளுக்குப் பசை மரப்பிசின், அதனால் நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் நனைந்த பெட்டியை உடனே மூடினால் பூஞ்சை பிடிக்கும், திறந்து வைத்து உலர விடுங்கள். விலை கடைக்குக் கடை நிறைய வித்தியாசப்படுகிறது, இரண்டு மூன்று இடத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள். தீர்ந்த கட்டிகள் ஹாஃப் பான் என்று தனித்தனியாகக் கிடைக்கும், முதலில் தீரப்போவது பெரும்பாலும் அல்ட்ராமரினும் பர்ன்ட் சியென்னாவும்தான், இரண்டிலும் ஒவ்வொன்று முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளலாம்.