அன்னப்பிளவு இம்ப்ளான்ட்: எலும்பு பிடித்தது, நிறம் பிடிக்கவில்லை

போன வாரம் என் இம்ப்ளான்ட்டின் கேப், அதாவது தாடை எலும்பில் பதித்த டைட்டானியம் வேரின் மேல் மாட்டிய செயற்கைப் பல், ஆடியது. பதறிப்போய் கிளினிக்குக்கு ஓடினேன். எக்ஸ்ரே பார்த்துவிட்டு, டைட்டானியம் வேர் கெட்டியாக இருக்கிறது, உள்ளே ஸ்க்ரூதான் தளர்ந்திருக்கிறது என்று முறுக்கிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து பாலக்கோட்டுத் தோழி, இம்ப்ளான்ட் வைக்கலாமா என்று தன் மகனுக்காகக் கேட்டாள். அவனுக்கும் என்னைப் போலவே பிறவியில் உதடு, ஈறு, அன்னம் (வாயின் மேற்கூரை) மூன்றும் பிளவு.

நல்லதை முதலில் சொல்கிறேன். பிளவு ஓடும் இடத்தில் முன்பல்லுக்கு அடுத்த பல் பல பேருக்கு முளைப்பதில்லை, எனக்கும் இல்லை. கிளிப் வைத்த கழற்றுப் பல்லோடு கல்லூரி முடித்தவள் நான். இப்போது பெங்களூரா மாங்காயை உப்பு மிளகாய்த்தூளில் தொட்டு முன்பல்லாலேயே கடிக்கிறேன். 1965-இல் ஸ்வீடனில் முதன்முதலாக டைட்டானியம் இம்ப்ளான்ட் வைத்துக்கொண்ட யோஸ்டா லார்சனும் அன்னப்பிளவோடு பிறந்தவர்தான். 2006-இல் இறக்கும்வரை அவை அவர் தாடையில் இருந்தன. ஆகவே உழைப்பைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் நிறம்! தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம் போர் தண்ணீர் குடித்து வளர்ந்த பல் என்னுடையது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருந்தால், பல் உருவாகும் வயதிலேயே கறை விழுந்துவிடும். என் பற்களில் பழுப்புக் கோடும் சுண்ணாம்புத் திட்டும் கலந்து கிடக்கும். கிளினிக்கில் நிறம் பார்க்க நீட்டும் பட்டையில் 16 மாதிரிப் பல் உண்டு, அதில் ஒன்றுகூட எங்கள் ஊர்ப் பல் இல்லை. லேப் அனுப்பியது ஒரே சீரான பால் வெள்ளை. டியூப்லைட்டில் தெரியாது, பேருந்து நிலைய வெயிலில் அது மட்டும் பளிச்சென்று நிற்கும். பிறந்ததிலிருந்து உதட்டைப் பார்த்தார்கள், இப்போது பல்லைப் பார்க்கிறார்கள். கேட்டால், "எல்லாரும் வெள்ளைதானேம்மா கேட்கிறாங்க, மத்த பல்லை ப்ளீச் பண்ணிடலாம்" என்கிறார்கள். செராமிக்கில் கறைக்கோடு தீட்டிச் சுட முடியும். இந்த மாவட்டத்தில் கிளினிக் நடத்துகிறவர்களுக்கு இந்த மாவட்டத்துப் பல் தெரிய வேண்டாமா?

தோழியின் மகனுக்கு இப்போது முக்கியம் ஈறுப் பிளவில் வைக்கும் எலும்பு. 9 முதல் 11 வயதுக்குள், கோரைப்பல் இறங்கும் முன் வைத்துவிட வேண்டும். இம்ப்ளான்ட் தாடை வளர்ச்சி முடிந்த பிறகுதான். முன்னாடியே வைத்தால் பக்கத்துப் பற்கள் இறங்கிவர, இது மேலேயே நின்றுவிடும். பல் இல்லாமல் காத்திருந்ததில் எனக்கு வைத்த எலும்பு கரைந்து, மறுபடி இடுப்பிலிருந்து எடுத்தார்கள். அப்படி மறுபடி எலும்பு வைத்தால் சில மாதங்களுக்குள் இம்ப்ளான்ட் போட்டுவிட வேண்டும். அந்த இடுப்பு வலியைப் பையனிடம் மறைக்காதே என்றேன்.

இதே காசுக்கு மறுபடி செய்வாயா என்றால், இன்றைக்கு மாட்டேன் என்றுதான் சொல்வேன். செய்கிறவர்கள் கேப்பை முறுக்கும் முன் கண்ணாடியோடு வெளியே வெயிலுக்கு வந்து பாருங்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாத இடத்தில் முறுக்க விடாதீர்கள்.