பி.காம். புள்ளியியலுக்குத் திறந்த பாடநூல்: அப்படியே எடுப்பதா, கலைத்துக் கோப்பதா?

வணிகப் புள்ளியியல் தாளுக்குத் திறந்த உரிமப் பாடநூல் (யாரும் இலவசமாகப் படிக்கவும் பகிரவும் அனுமதிக்கும் நூல்) வைப்பது என்று துறை முடிவெடுத்துவிட்டால் அடுத்த கேள்வி, எந்த வடிவில் வைப்பது என்பது. எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிட்ட ‘இன்ட்ரொடக்டரி ஸ்டாடிஸ்டிக்ஸ்’ நூலை அப்படியே வைத்துக்கொண்டு, அதில் இல்லாதவற்றுக்கு மட்டும் மெல்லிய துணைக் கையேடு எழுதுவது முதல் வழி. திறந்த பாடநூல்களைத் தொகுத்துவைத்திருக்கும் லிப்ரடெக்ஸ்ட்ஸ் தளத்தின் ரீமிக்ஸர் கருவியைக் கொண்டு பல நூல்களின் பக்கங்களை எடுத்து, நம் ஐந்து யூனிட்டுக்கு ஏற்ற புது நூலாகக் கோப்பது இரண்டாவது. ஆசிரியர்களே முழு நூலையும் எழுதித் திறந்த உரிமத்தில் விடுவது மூன்றாவது. நாங்கள் எடுத்தது முதல் வழி. காரணம் பராமரிப்பு.

விலை பற்றி நீட்ட வேண்டாம். அமெரிக்காவில் ஒரு பாடநூல் நூறு டாலரைத் தாண்டுவது சாதாரணம். அங்கே இந்த முயற்சிகளுக்கு உந்துதல் தந்ததே அந்த விலைதான். இங்கே பி.காம். புத்தகம் சில நூறு ரூபாய். கற்பித்தலுக்குத் தேவையான அளவு நூல் பகுதிகளை நகலெடுத்துத் தொகுத்துக் கொடுப்பதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது என்று டெல்லிப் பல்கலைக்கழக நகல்கடை வழக்கில் 2016இல் உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நமக்குக் கிடைக்கும் ஆதாயம் வேறு: முதல் நாளே எல்லா மாணவர் போனிலும் நூல் இருக்கும், தேவையான அத்தியாயத்தை மட்டும் பிரித்துக் கொடுக்கலாம், திருத்தலாம், தமிழில் விளக்கம் சேர்க்கலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

நூல் நம் பாடத்திட்டத்தோடு எங்கே மோதுகிறது

நூலில் 13 அத்தியாயங்கள். தரவு சேகரிப்பில் தொடங்கி எஃப் பரவல், ஒருவழி அனோவா வரை போகிறது. நம் பி.காம். தாளின் சராசரிகள், சிதறல் அளவைகள், நிகழ்தகவு ஆகியவை அதில் தாராளமாக இருக்கின்றன. ஒட்டுறவும் தொடர்புப் போக்கும் 12ஆம் அத்தியாயத்தில். குறியீட்டு எண்கள் (விலை போன்றவற்றின் மாற்றத்தை ஒரே எண்ணால் அளப்பவை) இல்லை. காலம்சார் தொடர் வரிசையைப் போக்கு, பருவ மாறுபாடு என்று பிரிக்கும் பாடம் இல்லை. ஸ்பியர்மன் தர ஒட்டுறவும் இல்லை. இந்த மூன்றும் பல்கலைக்கழகத் தேர்வில் பத்து மதிப்பெண் கேள்விகளாக வரக்கூடியவை. துணைக் கையேடு இல்லாமல் இந்த நூலை மட்டும் நம்பிப் போனால் மாணவர் மாட்டிக்கொள்வார்.

இல்லாத பாடம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். இருக்கிற பாடத்தில் வழக்கம் வேறுபடுவதுதான் அதைவிட ஆபத்து. 3, 5, 7, 8, 12, 13, 14, 18 என்று எட்டு எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி 10. விலக்க வர்க்கங்களின் கூடுதல் 180. நம் பி.காம். புத்தகங்கள் அதை 8ஆல் வகுக்கும், திட்டவிலக்கம் 4.74. ஓப்பன்ஸ்டாக்ஸ் இந்த எட்டையும் பெரிய தொகுதியிலிருந்து எடுத்த மாதிரியாக (சாம்பிளாக) வைத்து, எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து 7ஆல் வகுக்கும்; 5.07. இரண்டும் சரி, ஆனால் விடைத்தாளில் ஒன்றுக்குத்தான் மதிப்பெண். முதல் கால்மானமும் அப்படியே. கீழ்ப்பாதியின் இடைநிலையை எடுக்கும் ஓப்பன்ஸ்டாக்ஸ் முறையில் 6 வரும். எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி நான்கால் வகுக்கும் நம் முறையில் 2.25ஆவது உறுப்பு, அதாவது 5.5. எக்செல்லில் குவார்ட்டைல் சார்பைப் போட்டால் 6.5. ஒரே தரவுக்கு மூன்று விடை வந்தால், ஆசிரியர் தப்பாகச் சொல்லிக்கொடுத்தார் என்றுதான் வகுப்பு நினைக்கும்.

இயல்நிலைப் பரவல் அட்டவணை இன்னொன்று. நம் ஊர் அட்டவணைகளில் பெரும்பாலும் பூஜ்ஜியத்திலிருந்து இசட் வரையுள்ள பரப்பு இருக்கும், 1.96க்கு 0.4750. இந்த நூல் இடப்பக்கம் முழுவதையும் சேர்த்து எண்ணும், அதே 1.96க்கு 0.9750. தவிர, நூல் நெடுக டிஐ-83, 84 கால்குலேட்டரின் பொத்தான்களை வரிசையாகச் சொல்லும் பெட்டிகள் வருகின்றன. நம் மாணவரிடம் அந்தக் கருவி கிடையாது. அவற்றைத் தாண்டிப் படிக்கலாம் என்று முதல் வாரமே சொல்லிவிட வேண்டும்; இல்லாவிட்டால் அந்தக் கருவி வாங்காமல் பாடம் புரியாது என்று சிலர் ஒதுங்கிவிடுவார்கள்.

ஆகவே கையேட்டின் முதல் பக்கத்தில் முன்னுரை போடாதீர்கள். ‘இந்த நூலில் இப்படி, நம் தேர்வில் இப்படி’ என்று மேலே சொன்ன வேறுபாடுகளை இரண்டு பத்தியாக அச்சிடுங்கள்.

ரீமிக்ஸ் ஏன் வேண்டாம் என்கிறோம்

பார்த்தால், இந்த மோதல்களுக்கெல்லாம் ரீமிக்ஸ்தான் மருந்து போலத் தோன்றும். வேண்டாத பெட்டியை நீக்கலாம், 12ஆம் அத்தியாயத்தை மூன்றாம் யூனிட்டுக்கு நகர்த்தலாம், குறியீட்டு எண்ணுக்கு நம் பக்கத்தைச் செருகலாம். இழுத்துப் போட்டால் நூல் தயார். லிப்ரடெக்ஸ்ட்ஸ் இதில் உண்மையிலேயே வலுவான தளம். டேவிஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் டெல்மர் லார்சன் 2008இல் கெம்விக்கி என்ற பெயரில் தொடங்கியது, இன்று எல்லாத் துறைக்கும் விரிந்திருக்கிறது. முதல் ஆண்டு எந்தக் குறையும் தெரியாது. இரண்டாம் ஆண்டில் தெரியும்.

ரீமிக்ஸரில் ஒரு பக்கத்தை இரண்டு விதமாக எடுக்கலாம். மூலத்தோடு இணைந்தபடி எடுத்தால், மூலத்தில் யாராவது திருத்தினால் நம் நூலிலும் மாறும். பிழைதிருத்தம் தானாக வந்துசேரும் என்பது நல்லதுதான். ஆனால் நாம் ‘பயிற்சி 14ஐச் செய்து வரவும்’ என்று சொன்ன பிறகு, பருவத்தின் நடுவில் அந்தப் பயிற்சியே இடம் மாறலாம். முழு நகலாக எடுத்தால் எதுவும் அசையாது. அதே காரணத்தால் மூலத்தில் சரிசெய்த பிழை நம் நகலில் அப்படியே கிடக்கும், யாராவது ஒப்பிட்டுப் பார்க்கும் வரை. வரிகளைத் திருத்த வேண்டுமென்றால் முழு நகல் எடுத்தே ஆக வேண்டும். ஆக, நாம் திருத்திய பக்கங்கள்தான் அனாதைப் பக்கங்களாக ஆகின்றன.

வரிசையை மாற்றியதும் உள்குறிப்புகள் உடைகின்றன. ‘முன் அத்தியாயத்தில் பார்த்தபடி’ என்ற வரி, இன்னும் நடத்தாத பாடத்தைச் சுட்டும். எடுத்துக்காட்டு எண், பட எண் ஒவ்வொன்றையும் கையால் பார்க்க வேண்டும். இரண்டு நூல்களிலிருந்து எடுத்தால் ஒன்றில் மாதிரித் திட்டவிலக்கத்துக்கு ஒரு குறி, மற்றதில் வேறு குறி. உரிமமும் பக்கத்துக்குப் பக்கம் மாறும்: கிரியேட்டிவ் காமன்ஸ் (சிசி) உரிமங்களில், மூலத்தின் பெயரைக் குறிப்பிடச் சொல்லும் பை உரிமம் எதோடும் சேரும், ஆனால் பை-எஸ்ஏ (தழுவலையும் அதே உரிமத்தில் விட வேண்டும்) பக்கத்தையும் பை-என்சி-எஸ்ஏ (அதோடு வணிகப் பயன்பாடும் கூடாது) பக்கத்தையும் கலந்து ஒரே தழுவலாக வெளியிட முடியாது, இரண்டும் தத்தம் உரிமத்தையே முழுமைக்கும் கேட்கும். என்டி (மாற்றம் கூடாது) என்று இருந்தால் மாற்றியதை வெளியிட வழியில்லை, மொழிபெயர்ப்பும் அதில் அடக்கம். ஓப்பன்ஸ்டாக்ஸ் என்றாலே பை என்றும் எண்ண வேண்டாம்: அவர்களுடைய கால்குலஸ் தொகுதிகளும் 2023இல் வந்த மக்மரியின் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியும் பை-என்சி-எஸ்ஏ. இன்ட்ரொடக்டரி ஸ்டாடிஸ்டிக்ஸின் 2013 பதிப்பு பை. எந்தப் பதிப்பை எடுத்தாலும் உரிம வரியைப் படித்துவிட்டே எடுங்கள்.

இத்தனையையும் யார் செய்வது? ரீமிக்ஸ் நூல் ஓர் ஆசிரியரின் கணக்கில் இருக்கும். அவர் கௌரவ விரிவுரையாளராக இருந்தால் அடுத்த ஆண்டு வேறு கல்லூரியில் இருக்கலாம்; நிரந்தரப் பணியில் இருந்தால் மாறுதல் வரலாம். பாடத்திட்டம் சில ஆண்டுக்கு ஒருமுறை மாறும். அப்போது பல நூறு பக்க ரீமிக்ஸைப் புதிதாக வந்தவர் கையில் கொடுத்தால், எதை யார் ஏன் மாற்றினார் என்று அவருக்குத் தெரியாது. பழைய புத்தகத்துக்கே திரும்பிவிடலாம் என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது.

அப்படியே எடுத்த நூலில் இந்தச் சுமை ஓப்பன்ஸ்டாக்ஸின் தலையில். ஒவ்வொரு நூலின் பக்கத்திலும் பிழைப்பட்டியல் இருக்கிறது, பிழை கண்டால் தெரிவிக்கப் படிவமும் இருக்கிறது, ஆய்ந்து திருத்துகிறார்கள். நம் பொறுப்பில் இருப்பது 40 பக்கக் கையேடு ஒன்று. புதிதாக வருபவர் அதை ஒரே மாலையில் படித்துவிடலாம்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதும் உண்டு. எங்கள் கணக்கு, ஒரே நூலில் பாடத்திட்டத்தின் முக்கால் பங்காவது கிடைக்கிற தாளுக்குத்தான். எந்த நூலிலும் பாதிகூடக் கிடைக்காத தாளுக்கும், சொந்தப் பாடத்திட்டக் குழுவும் நிலையான ஆசிரியர்களும் உள்ள தன்னாட்சிக் கல்லூரிக்கும் ரீமிக்ஸ் பொருந்தலாம். வேதியியலில் லிப்ரடெக்ஸ்ட்ஸின் ஆழம் தனி. ஆய்வகம் உள்ள பாடங்களில் எங்கள் அனுபவம் மெலிது என்பதால் அங்கே அடித்துச் சொல்லமாட்டோம். பொறியியல், டிப்ளமோ ஆசிரியர்கள் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏஐசிடிஇ) இ-கும்ப் தளத்திலுள்ள தமிழ் நூல்களை முதலில் பார்ப்பது நல்லது.

சொந்தமாக முழு நூல் எழுதுவது பெருமைக்குரிய வேலை. ஆனால் பயிற்சிக் கணக்குகளும் அவற்றுக்குச் சரிபார்த்த விடைகளும்தான் ஒரு புள்ளியியல் நூலின் பெரும்பகுதி. பாட விளக்கம் எழுதி முடித்ததும் பலர் நின்றுபோவது அங்கேதான்.

கையேட்டைக் கட்டும் முறை

முதலில் ஓர் இணைப்பு அட்டவணை. பாடத்திட்டத்தின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே நூலின் பிரிவு எண்: சராசரிகளுக்கு 2.5, சிதறலுக்கு 2.7, தொடர்புப் போக்குச் சமன்பாட்டுக்கு 12.3 என்று. பக்க எண் போடாதீர்கள். இணைய வடிவில் பக்கமே இல்லை, பிடிஎஃப் புதுப்பிக்கப்பட்டால் எண் நகரும். எதிரே ஒன்றும் இல்லாத வரிகள்தான் கையேட்டின் பொருளடக்கம்.

குறியீட்டு எண்ணுக்கு லாஸ்பியர், பாஷே, ஃபிஷர் ஆகிய மூன்று சூத்திரங்களையும் ஒரே தரவில் செய்து காட்டுங்கள். மாணவர் வீட்டு அரிசி, பருப்பு, எண்ணெய், கேஸ் விலையே போதும். காலம்சார் தொடர் வரிசைக்கு மேட்டூர் அணையின் மாதாந்திர நீர்மட்டம் அருமையான தரவு: உச்சம் 120 அடி என்று எல்லாருக்கும் தெரியும், பருவ ஏற்ற இறக்கம் கண்ணுக்கே தெரியும், பன்னிரண்டு மாத நகரும் சராசரி எடுத்தால் அது மறைவதும் தெரியும். தமிழ்வழி மாணவருக்காக இறுதியில் இரண்டு பக்கக் கலைச்சொல் பட்டியல் சேருங்கள். பள்ளிப் பாடநூலில் அவர்கள் படித்த ‘திட்டவிலக்கம்’, ‘ஒட்டுறவு’, ‘தொடர்புப் போக்கு’ என்ற சொற்களையே போடுங்கள். முழு நூலையும் மொழிபெயர்க்க உரிமம் இடம் தருகிறது. ஆனால் மூலம் திருந்தும்போதெல்லாம் தமிழையும் திருத்த ஆள் வேண்டும். மறுபடி அதே பராமரிப்புச் சிக்கல்.

கோப்பை யூனிகோடில் மட்டும் அடியுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தால் தேடல் வேலை செய்யாது, போனில் ஒட்டினால் கிறுக்கலாக வரும். லேடெக் பழகியவர்கள் ஸீலேடெக்கோடு நோட்டோ தமிழ் எழுத்துருவைப் பயன்படுத்தலாம். மற்றவர்களுக்கு லிப்ரெஆபிஸ் போதும். வேர்டுக்கும் கூகுள் டாக்ஸுக்கும் மாற்றி மாற்றித் திறந்தால் சூத்திரங்கள் சிதையும். ஒரே மென்பொருளில் நில்லுங்கள். கோப்பு துறையின் பொது மின்னஞ்சல் கணக்கில் இருக்கட்டும்.

நூலின் பிடிஎஃப்பை இறக்கி, கோப்பின் பெயரிலேயே தேதியைச் சேர்த்து, அந்த ஆண்டு முழுக்க அதையே பகிருங்கள். ஒவ்வொரு மே மாதமும் பிழைப்பட்டியலில் நம் அட்டவணையிலுள்ள பிரிவுகளை மட்டும் பார்த்துவிட்டுப் புது பிடிஎஃப்புக்கு மாறலாம். ஆசிரியருக்கான ஸ்லைடு, முழு விடைகள் போன்றவற்றைப் பெற ஆசிரியர் என்று உறுதிசெய்ய வேண்டும். கல்லூரி மின்னஞ்சல் முகவரியிலிருந்து விண்ணப்பிப்பது சுலபம். நூலில் ஒற்றைப்படைக் கணக்குகளுக்கு விடை இருக்கிறது. ஆகவே அக மதிப்பீட்டுக்கு இரட்டைப்படைக் கணக்கைக் கொடுங்கள், அதிலும் எண்களை மாற்றி.

நூலிலிருந்து எதையாவது எடுத்து மாற்றினால் அங்கேயே ஒரு வரி எழுதுங்கள்: ‘பார்பரா இல்லோவ்ஸ்கி, சூசன் டீன், இன்ட்ரொடக்டரி ஸ்டாடிஸ்டிக்ஸ், ஓப்பன்ஸ்டாக்ஸ், சிசி பை 4.0, தரவு ரூபாய்க்கு மாற்றப்பட்டது.’ இணைய முகவரியையும் சேருங்கள். மாற்றத்தைக் குறிப்பிடுவது உரிமத்தின் நிபந்தனை.

கையேட்டுக்கும் பை உரிமமே கொடுங்கள். என்சி போட்டால் ஜெராக்ஸ் கடைக்காரர் காசு வாங்கி அச்சிடலாமா என்ற சந்தேகம் வரும். பள்ளிகளுக்காக நகலெடுத்த கடை என்சி உரிமத்தை மீறவில்லை என்று 2018இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஃபெட்எக்ஸ் வழக்கில் தீர்த்தது. அந்தத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது. பை என்றால் அந்தக் கேள்வியே எழாது. அச்சிட வேண்டியதும் கையேடு மட்டுமே: இருபக்க அச்சில் 20 தாள், கடைசித் தாளில் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும் நம் இயல்நிலை அட்டவணை.