ஏழு வருஷ சந்தா, நாலு போல்ட்: ஹைட்ராலிக் சங்கத்தில் என் அனுபவம்

தேவகோட்டையில் புதிதாகப் பட்டறை போட்டிருக்கிற தம்பி ஒருவர் போன வாரம் போனில் கேட்டார், "அண்ணே, நீங்க அந்த ஃப்ளூயிட் பவர் சங்கத்துல ரொம்ப வருஷமா இருக்கீங்க, சேந்தா நமக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா, இல்ல பேருக்குத்தானா?" அன்று காலையில்தான் சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லி எனக்கும் மெயில் வந்திருந்தது. அரை மணி நேரம் பேசியும் ஒழுங்காகச் சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். எண்ணெயையும் காற்றையும் அழுத்தி வேலை வாங்குகிற தொழிலில் இருப்பவர்களுக்காக எழுதுவது இது, பம்ப் என்ன செய்யும், வால்வு என்ன செய்யும் என்றெல்லாம் ஆரம்பிக்கவில்லை.

என் பட்டறை காரைக்குடியில். ஜேசிபி சிலிண்டர், டிப்பர் ஜாக்கி, டிராக்டர் லிஃப்ட், ஹாலோ பிளாக் மெஷினின் பவர் பேக், புதுவயல் அரிசி ஆலைகளில் ஏர் லைன், இதுதான் வருகிற வேலை. சந்தா கட்டத் தொடங்கி ஏழு வருஷம் ஆகிறது. எந்தச் சங்கம் என்று பேர் சொல்லவில்லை. அங்கே பொறுப்பில் இருக்கிற பலர் சம்பளம் இல்லாமல் நேரம் கொடுக்கிறவர்கள், அவர்களைச் சந்தியில் இழுக்க எனக்கு மனசில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், கோபத்தில் ஆரம்பித்தால் இது விட்டுப்போகும்.

போன பங்குனியில் கல்லல் பக்கம் ஒரு பிளாக் மெஷின். மதியம் மூன்றரைக்குப் போன் வந்தது. மிக்சரில் கலவை போட்டாகிவிட்டது, அச்சு கீழே இறங்கவில்லை, அந்த வெயிலில் சிமெண்ட் கலவை எவ்வளவு நேரம் தாங்கும்? போய்ப் பார்த்தால் வால்வை இயக்குகிற மின்சாரச் சுருள், சொலினாய்டு காயில், கருகி, உள்ளே ஆயிலுக்கு வழி மாற்றுகிற தண்டு, ஸ்பூல், இறுகிப் போயிருந்தது. அதே கம்பெனி வால்வு வேண்டுமென்றால் மூன்று வாரம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். என் பையில் இருந்தது வேறொரு கம்பெனி வால்வு, வேறொரு தேசத்தில் செய்தது. வால்வு எந்த நிலையில் எந்த வழி திறக்கும் என்று பெயர்த்தகட்டில் காட்டுகிற மூன்று கட்டப் படத்தைப் பழையதோடு ஒப்பிட்டேன், நடுக்கட்டமும் ஒரே மாதிரிதான், காயிலும் அதே 24 வோல்ட் டிசி. நாலு எம்5 ஆலன் போல்ட்டைக் கழற்றி, வால்வு உட்காரும் முகத்தைத் துடைத்து, ஆயில் கசியாமல் அடைக்கிற ரப்பர் வளையம், நாலு ஓ-ரிங்கும் அதனதன் குழியில் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து வைத்தேன். அப்படியே உட்கார்ந்தது. நாலரைக்குள் அச்சு இறங்கி முதல் வரிசைக் கல் வெளியே வந்துவிட்டது. முதலாளி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இது எப்படிங்க சரியா பொருந்துச்சு?" என்று கேட்டார்.

அது எப்படி என்பதுதான் சங்கம். அந்த வால்வு உட்காரும் முகத்தை ஸ்கேல் வைத்துப் பாருங்கள். ஒரு முனையில் இரண்டு போல்ட் துளைக்கு நடுவே 31 மில்லிமீட்டர், மறு முனையில் 32.5. முன்னும் பின்னுமாகத் திருப்பி வைத்தால் போல்ட் இறங்காது. அசதியில் இருக்கிற ஒரு ஃபிட்டர் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் மாட்டினாலும் தப்பாக மாட்டிவிடக் கூடாது என்று யாரோ யோசித்து அந்த ஒன்றரை மில்லிமீட்டரை வைத்திருக்கிறார்கள். எனக்கு முதல் தடவை இது புரிந்தபோது உண்மையிலேயே கண் கலங்கியது. நாம் செட்டாப் 3 என்கிறோம், சிலர் என்ஜி 6 என்கிறார்கள், அமெரிக்கக்காரர்கள் டி03 என்கிறார்கள், புத்தகத்தில் உலகத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் பேரில் ஐஎஸ்ஓ 4401 என்று இருக்கிறது, எல்லாம் அதே முகம்தான். செட்டாப் என்பது ஒரு வால்வின் பெயர் என்றுதான் பத்து வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஐரோப்பாவில் உள்ள ஹைட்ராலிக், நியூமேட்டிக் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து 1962இல் வைத்த கூட்டமைப்பின் பெயர் என்பது சங்கத்தில் சேர்ந்த பிறகு தெரிந்ததுதான்.

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் முன்கதவுச் சாவி ஒரு சாண் நீளம் இருக்கும், அந்தப் பூட்டுக்கு அந்தச் சாவிதான், தொலைந்தால் அந்த மாதிரி வேலை தெரிந்த ஆளைத் தேடி ஊர் ஊராக அலைய வேண்டும். பழைய மெஷின்களிலும் அப்படித்தான் இருந்தது. இப்போதும் சில பழைய பிரஸ்களில் யாருக்கும் பொருந்தாத வால்வு வரும், லேத்தில் கொடுத்து இடையில் ஒரு பிளேட் செய்து மாட்டுவதற்குள் ஒரு வாரம் போய்விடும்.

அமெரிக்காவில் 1953இல் ஆரம்பித்த தேசிய ஃப்ளூயிட் பவர் சங்கம் மில்வாக்கி நகரத்தில் இருக்கிறது. உலக அளவில் இந்தத் தொழிலுக்கான தர அளவுகளை எழுதுகிற ஐஎஸ்ஓவின் 131ஆம் தொழில்நுட்பக் குழுவின் செயலக வேலையை அமெரிக்கத் தர நிறுவனத்துக்காக அவர்கள்தான் பார்க்கிறார்கள். ஒருவர் ஆர்டரை மற்றவர் பிடுங்குகிற கம்பெனிகளின் ஆட்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்து, ஓ-ரிங் பள்ளம் எத்தனை ஆழம், சிலிண்டர் அடித்தட்டில் துளை எங்கே, படத்தில் பம்புக்கு என்ன குறி என்று வருஷக்கணக்கில் பேசி, வரைவு சுற்றுக்கு விட்டு, ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். அதோடு விடுவதில்லை, எழுதியது இன்னும் சரியாக இருக்கிறதா என்று ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை திரும்ப எடுத்துப் பார்க்கிறார்கள். இது எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புதிது இல்லை. ரங்கூனில் லேவாதேவி நடத்திய நகரத்தார் தனித்தனிக் கடை, தனித்தனிக் கணக்கு என்று இருந்தாலும் கோவிலில் ஒன்றாகக் கூடித்தான் நடப்பு வட்டியைப் பேசி வைத்தார்கள் என்று சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

அந்த அமெரிக்கச் சங்கம் உறுப்பினர் கம்பெனிகளிடம் விற்பனைக் கணக்கை ரகசியமாக வாங்கி, யாருடையது என்று தெரியாமல் மொத்தமாகக் கூட்டித் திருப்பித் தருகிறது. நம் விற்பனை விழுந்தால் சந்தையே விழுந்ததா, இல்லை நாம் மட்டும் விழுந்தோமா என்று தெரிந்துகொள்ளலாம். பெரிய கம்பெனிக்கு அது தங்கம். எனக்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

எனக்குச் சோறு போட்டது வேறொன்று, ஐஎஸ்ஓ 4406. ஆயிலில் எவ்வளவு அழுக்கு என்று மூன்று எண்ணில் சொல்கிற முறை. 18/16/13 என்றால் ஒரு மில்லிலிட்டர் ஆயிலில் 4 மைக்ரானும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அதற்கு மேலும் உள்ள துகள் 1300க்கு மேல் 2500 வரை, 6 மைக்ரானுக்கு 320க்கு மேல் 640 வரை, 14 மைக்ரானுக்கு 40க்கு மேல் 80 வரை. எண் ஒன்று ஏறினால் அழுக்கு இரண்டு மடங்கு. தலைமுடியே ஏறக்குறைய 70 மைக்ரான், அப்படியென்றால் நாம் பேசுகிற துகளைக் கண்ணால் பார்க்கவே முடியாது. இதைப் படிக்கும்வரை நானும் எல்லோரையும் போல, பேரல் சீல் உடைத்த புது ஆயில் என்றால் சுத்தம் என்றுதான் நினைத்தேன், தகர வாளியில் பிடித்து புனல் வைத்து டேங்கில் ஊற்றுவோம். எங்கள் செம்மண் புழுதியில் அந்த வாளியின் அடி எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இப்போது புது ஆயிலானாலும் ஃபில்டர் வண்டி வழியாகத்தான் ஏற்றுகிறோம். திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்த பம்ப் வேலைகள் குறைந்துவிட்டன. வாடிக்கையாளர் குறைந்தார்களா என்றால் இல்லை, கூடினார்கள்.

சரி, இனி கோபம்.

ஏழு வருஷத்தில் ஒரு வகுப்புகூடத் தமிழில் நடக்கவில்லை. எல்லாம் சென்னையில், கோயம்புத்தூரில், பெங்களூரில், ஹோட்டல் ஹாலில், வேலை நாளில், இங்கிலீஷில். நான் போனேன், முட்டி மோதிப் புரிந்துகொண்டேன். ஆனால் ஸ்பேனர் பிடிக்கிறது நான் மட்டும் இல்லையே. என்னிடம் ஐந்து பையன்கள், ஐடிஐ முடித்தவன் ஒருவன், பத்தாவதோடு வந்தவர்கள் மற்றவர்கள், வேலையில் அத்தனை பேரும் கெட்டி. அவர்களுக்கு இங்கே காரைக்குடியிலேயே இரண்டு நாள் வகுப்பு வையுங்கள் என்று நாலு முறை எழுதினேன். "கருத்தில் கொள்ளப்பட்டது" என்று நாலு முறையும் பதில். இடமா இல்லை இந்த ஊரில்? வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மின்வேதியியல் ஆய்வகத்தையே கொண்டுவந்த ஊர், பொறியியல் கல்லூரி இருக்கிறது, பாலிடெக்னிக் இருக்கிறது, ஒரு ஹால் கிடைக்காதா?

இது வெறும் மனக்குறை என்றால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் சாயங்காலம், டெஸ்ட் பெஞ்சில் சிலிண்டர் ஓடுகிறது, கேஜில் 200 பார். ஓஸில் எங்கேயோ லேசாக ஈரம். பத்தொன்பது வயசுப் பையன், எங்கே லீக் என்று பார்க்க உள்ளங்கையை ஓஸை ஒட்டி நகர்த்திக்கொண்டு போகிறான், அடுப்பு அனல் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. நான் அலறிக்கொண்டு ஓடி மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். ஊசி முனை ஓட்டையிலிருந்து அந்த அழுத்தத்தில் வருகிற ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். எறும்பு கடித்த மாதிரிதான் முதலில் தெரியும், சில மணி நேரத்தில் கை வீங்கும், உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ எடுக்க வேண்டி வரும். பெஞ்சை நிறுத்திவிட்டுப் பார்த்தால் அவன் கை வைக்கப் போன இடத்திலிருந்து ஒரு விரல்கடை தள்ளித்தான் ஓட்டை.

"உனக்குத் தெரியாதாடா?" என்று கேட்டேன். "யாரும் சொல்லலைண்ணே" என்றான். சங்கம் அனுப்பிய பாதுகாப்புக் கையேடு அவன் தலைக்கு மேலே அலமாரியில் இருந்தது. லீக்கைக் கையால் தேடாதே, அட்டைத் துண்டை நீட்டிப் பார் என்று பன்னிரண்டாம் பக்கத்தில் படத்தோடு போட்டிருக்கிறது, இங்கிலீஷில். நல்ல புத்தகம், குறையே சொல்ல முடியாது. அவன் அதைப் படிக்க முடியாது. நான் படித்துச் சொல்லியிருக்க வேண்டும், அந்தத் தப்பு என்னுடையது, அதை மறைக்கவில்லை.

அன்று ராத்திரி நானும் என் மகளும் உட்கார்ந்து அந்தக் கையேட்டில் உயிர் போகிற விஷயங்களை மட்டும் தமிழில் எழுதினோம். மூன்று பக்கம். ஓஸ் லீக்கைக் கையால் தொட்டுப் பார்க்காதே. அழுத்தத்தைச் சேர்த்து வைக்கிற அக்குமுலேட்டரில் அழுத்தம் இறங்காமல் எதையும் கழற்றாதே. தூக்கி நிற்கிற பக்கெட்டுக்குக் கீழே, முட்டு கொடுக்காமல் போகாதே. இப்படி இருபத்திரண்டு வரி. லேமினேஷன் செய்து பெஞ்சுக்கு மேலே மாட்டினேன். சங்கத்துக்கும் அனுப்பி, எங்கள் பேர் வேண்டாம், தெரிந்தவர்களை வைத்துச் சரிபார்த்து அச்சடித்து எல்லாருக்கும் கொடுங்கள் என்று எழுதினேன். கமிட்டி பார்க்கும் என்றார்கள். ஒன்றே முக்கால் வருஷம் ஆகிறது, கமிட்டி இன்னும் பார்க்கவில்லை. புதுப்பிக்கச் சொல்லும் மெயில் மட்டும் ஒரு வருஷமும் தேதி தவறவில்லை.

மில்வாக்கி சங்கம் அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நடத்துகிற போட்டி ஒன்று உண்டு, சிரிஞ்சும் மெல்லிய குழாயும் மரத்துண்டும் கொடுத்து, பொருளைத் தூக்கி நகர்த்துகிற கை ஒன்றைச் செய்யச் சொல்வார்கள். கல்லூரிப் பிள்ளைகள் செயின் இல்லாமல் ஹைட்ராலிக்கில் ஓடுகிற சைக்கிள் செய்கிறார்கள். அந்தப் பிள்ளைகள்தான் நாளைக்கு இந்தத் தொழிலுக்கு வரப்போகிறவர்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நாலு சிரிஞ்சு என்ன விலை? புதுவயலிலோ பள்ளத்தூரிலோ ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு சனிக்கிழமை இதைச் செய்ய எவ்வளவு ஆகும்?

நியாயமாகச் சொன்னால், நான் கட்டுகிற சந்தாவைவிடப் பல மடங்கு அந்த நாலு போல்ட் எனக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. ஆனால் அது சந்தா கட்டாதவருக்கும் அதே மாதிரிதான் பொருந்தும். காசு வாங்கிக்கொண்டு எனக்கென்று செய்ய வேண்டிய ஒரு காரியம், பையன்களுக்குப் புரிகிற பாஷையில் சொல்லிக்கொடுப்பது, அது நடக்கவில்லை. அதனால் இந்த வருஷம் நான் கட்டவில்லை. அடுத்த வருஷம் மனசு மாறலாம், இன்றைக்கு மாறவில்லை.

தேவகோட்டைத் தம்பிக்கு: நீங்கள் சேருங்கள். 4401, 4406, குறிகளுக்கான 1219, பாதுகாப்புக்கான 4413, இந்த நாலையும் உட்கார்ந்து படிக்க வைக்கிற ஆள் உங்கள் பக்கத்தில் வேறு யாரும் இல்லை, முதல் இரண்டு வருஷம் கொடுத்த காசுக்கு வஞ்சகம் இருக்காது. கூட்டத்தில் யாரையாவது பார்த்தால் அந்த மூன்று பக்கம் என்ன ஆயிற்று என்று கேளுங்கள். நகல் என்னிடம் நிறைய இருக்கிறது, இந்தப் பக்கம் பட்டறை வைத்திருக்கிற யார் வந்தாலும் தருகிறேன், ஞாயிறு மட்டும் கடை கிடையாது.