மீன்வளத் துறைக்கு எதற்குத் துப்பாக்கி?

2012-ல் அமெரிக்காவில் ஒரு டெண்டர் பெரிய கேலிக்கு ஆளானது. தேசிய வானிலைச் சேவை 46,000 தோட்டாக்கள் வாங்கப் போகிறது என்று அதில் இருந்தது. புயலைச் சுடவா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். பெயர் மாறிப் பதிவாகிவிட்டது என்பது அப்புறம்தான் தெரிந்தது. தோட்டா கேட்டது வானிலைச் சேவையும் அடங்கிய நோவா (கடல், வளிமண்டல ஆய்வு) அமைப்பின் கீழ் இருக்கும் மீன்வளச் சட்ட அமலாக்கப் பிரிவு. அதே வருடம் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் (ஓய்வூதியம் தருகிற அலுவலகம்!) 1,74,000 தோட்டாக்களுக்கு டெண்டர் விட்டது. சுமார் 295 புலனாய்வாளர்களின் பயிற்சிக்கும் பணிக்கும் என்றார்கள். இப்படி எண்பதுக்கும் மேற்பட்ட மத்திய அமைப்புகளில், கைது செய்யவும் துப்பாக்கி வைத்திருக்கவும் அதிகாரம் உள்ள ஒன்றே கால் லட்சத்துக்கும் அதிகமானவர்கள் இருக்கிறார்கள்.

இது தேவையா? முதலில், துறைக்குத் துறை சொந்தமாக ஆயுதப் பிரிவு வைத்துக்கொள்ளும் இப்போதைய முறை. அந்தந்தத் துறையின் குற்றம் அந்தந்தத் துறைக்காரருக்குத்தான் புரியும் என்பதுதான் இதன் உண்மையான பலம். சிகாகோ தாதா அல் கபோனை 1931-ல் உள்ளே தள்ளியது கொலை வழக்கு இல்லை, வரி ஏய்ப்பு வழக்கு. 1919-ல் தொடங்கிய வருமான வரிப் புலனாய்வுப் பிரிவு கணக்குப் புத்தகங்களைப் புரட்டிப் புரட்டிப் பிடித்தது. ஆனால் இந்தக் கதையைத் துப்பாக்கிக்கு ஆதரவாகச் சொல்கிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. வேலை செய்தது கணக்குத் தெரிந்த மூளை. துறைக்குள் புலனாய்வாளர் வேண்டும் என்பதற்குத்தான் இது சாட்சி, அவர் இடுப்பில் என்ன இருக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

இந்த முறை எங்கே இடறுகிறது என்பதற்கு 2011-ல் கலிபோர்னியாவின் ஸ்டாக்டனில் நடந்ததைப் பார்க்கலாம். கல்வித் துறையின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகத்து (துறைப் பணத்தில் நடக்கும் மோசடியை விசாரிக்கும் பிரிவு) ஏஜெண்டுகள் விடியற்காலையில் ஒரு வீட்டுக் கதவை உடைத்து உள்ளே போனார்கள். கல்விக் கடன் பாக்கிக்காகப் போனார்கள் என்று பரவிய செய்தி தப்பு, அது நிதியுதவி மோசடி விசாரணை. சரி, மோசடியே என்றாலும், தேடிப் போன பெண் அங்கே இல்லை, வீட்டில் இருந்தது பிரிந்து வாழ்ந்த கணவரும் குழந்தைகளும்தான். 2013-ல் அலாஸ்காவில் தங்கம் தோண்டுகிறவர்களிடம் நீர் மாசு பற்றிப் பார்க்க, சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையினர் அடங்கிய குழு கவச உடையும் துப்பாக்கியுமாகப் போய் இறங்கியது. (ஊர்ப் பெயர் சிக்கன். நான் வைத்த பெயர் இல்லை.) அங்கே எல்லார் கையிலும் துப்பாக்கி இருக்கும், வெறுங்கையோடு எப்படிப் போவது என்று கேட்டால் அதையும் ஒதுக்கிவிட முடியாது.

இரண்டாவது வழி, தேவைப்படும்போது மத்திய நீதிமன்றங்களின் காவலர்களான மார்ஷல்களிடமோ உள்ளூர் போலீஸிடமோ ஆள் கேட்பது. 1921-ல் தபால் கொள்ளை பெருகியபோது மெரைன் வீரர்களைக் காவலுக்கு நிறுத்தினார்கள், அலை ஓய்ந்ததும் அனுப்பிவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகத்து ஏஜெண்டுகள் பலருக்கும் 2002-ல் வந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முன்பு மார்ஷல் சேவை மூலமாகத்தான் கைது செய்யவும் துப்பாக்கி வைத்திருக்கவும் அதிகாரம் வந்தது. எனக்கு அதில் பிடித்தது, இன்னொரு துறையின் கண் அதன் மேல் இருந்தது. ஆனால் கடன் வாங்கிய பாதுகாப்புக்கு விலையும் உண்டு. எஃப்பிஐ-க்கே ஆரம்பத்தில் கைது செய்யவும் ஆயுதம் ஏந்தவும் பொதுவான சட்ட அதிகாரம் கிடையாது. 1933-ல் கன்சாஸ் சிட்டி ரயில் நிலையத்தில் கைதி ஒருவரை அழைத்துப் போகும்போது நடந்த துப்பாக்கிச் சூட்டில் நான்கு அதிகாரிகள் செத்தார்கள், கைதியும் செத்தார். அடுத்த வருடமே காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) அந்த அதிகாரத்தைக் கொடுத்துவிட்டது.

பிரிட்டனில் வரித்துறைப் புலனாய்வாளர்கள் ஆயுதமில்லாமலே கைது செய்கிறார்கள். ஆனால் அங்கே போலீஸிலேயே பெரும்பாலானவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதில்லை, அதை அப்படியே அமெரிக்காவுக்குப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது.

மிச்சமிருப்பது எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்ப்பது. இத்தாலி 2017-ல் தன் வனக் காவல் படையைக் கராபினியேரி என்ற ராணுவப் போலீஸோடு இணைத்தது. அமெரிக்காவிலேயே காங்கிரஸ் நூலகத்துப் போலீஸ் 2009-ல் நாடாளுமன்றத்தைக் காக்கும் கேபிட்டல் போலீஸில் கரைந்தது. (ஆமாம், நூலகத்துக்குத் தனிப் போலீஸ் இருந்தது.) ஒரே பயிற்சி, புகார் சொல்ல ஒரே இடம், இதெல்லாம் லாபம். கட்டடக் காவலுக்கு இது நன்றாகவே பொருந்தும். புலனாய்வுக்குச் சந்தேகம்தான், கொலையும் போதைப்பொருளும் குவிந்து கிடக்கும் மேஜையில் மீன் திருட்டு ஃபைல் எப்போது மேலே வரும்?

என்னைக் கேட்டால் துறையின் பெயரை வைத்து முடிவு செய்யக் கூடாது, அந்த ஆள் யார் முன்னால் போய் நிற்கிறார் என்று பார்க்க வேண்டும். வனவிலங்கு அதிகாரி ரைஃபிள் வைத்திருக்கும் வேட்டைக்காரனைத் தனியாகச் சந்திக்கிறார், உதவி வர எவ்வளவு நேரமாகும் என்று சொல்ல முடியாது. மீன்வளக்காரரும் நடுக்கடலில் அடுத்தவர் படகில் ஏறுகிறார், ஆகவே அந்த 46,000 தோட்டாவுக்கு நான் சிரிக்க மாட்டேன். கல்வித் துறைக்கும் ஓய்வூதிய அலுவலகத்துக்கும் புலனாய்வாளர்கள் இருக்கட்டும், பேட்ஜும் இருக்கட்டும், கதவைத் தட்டும் நாளில் மட்டும் மார்ஷல்களைக் கூப்பிடட்டும். தாமதமாகும், சில நேரம் ஆதாரமும் அழியும், தெரிந்துதான் சொல்கிறேன். வருமான வரிப் புலனாய்வில்தான் எனக்குத் தடுமாற்றம். போதைப் பணத்தைத் துரத்திக்கொண்டு போகிறவர்களிடம் துப்பாக்கியை வைத்துவிட்டுப் போ என்று சொல்ல வாய் வரவில்லை. 2010-ல் கல்வித் துறை வாங்கக் கிளம்பிய 27 ஷாட்கன்கள் விஷயத்தில் அந்தத் தயக்கம் எனக்குக் கொஞ்சமும் இல்லை.