பழைய கிராஃப்ட்ஸ்மேன் மேசை ரம்பத்துக்கு உதிரிபாகம்: என் அனுபவம்

மேசைக்கு நடுவே வட்டப் பிளேடு சுழலும் பழைய மேசை ரம்பம் ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அதில் என்ன கெட்டிருக்கிறது? மோட்டார் ஓடவில்லை என்றால் தைரியமாக வாங்கலாம். பிளேடைச் சாய்க்கும் பற்சக்கரம் உடைந்திருந்தால், சும்மா கொடுத்தாலும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மோட்டார்தானே பெரிய செலவு, இது என்ன தலைகீழ்க் கணக்கு என்று தோன்றும். உதிரிபாகம் தேடி அலைந்தவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும்.

என்னிடம் இருப்பது சியர்ஸ் என்ற அமெரிக்கக் கடை கிராஃப்ட்ஸ்மேன் என்ற பெயரில் விற்ற 10 அங்குல ரம்பம். சிகாகோ புறநகரில் ஒரு வீட்டைக் காலி செய்தபோது விற்பனைக்கு வந்தது. வார்ப்பிரும்பு மேசை, பின்பக்கம் தொங்கும் ஒரு குதிரைசக்தி மோட்டார், மோட்டாரையும் பிளேடையும் இணைக்கும் ஒரு பெல்ட். சில வருடங்களாக அலமாரி, கட்டில், புத்தகத் தட்டு எல்லாம் இதில்தான் அறுக்கிறேன். இதே விலைக்குப் புதிதாகக் கிடைக்கும் அலுமினிய மேசை ரம்பங்களோடு ஒப்பிட்டால் சத்தமும் அதிர்வும் குறைவு. அறுத்த விளிம்பை அப்படியே பசை போட்டு ஒட்டலாம்.

தேடலைத் தொடங்கும்முன் ரம்பத்தில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். சியர்ஸ் இந்த ரம்பங்களைத் தானே செய்யவில்லை. வேறு கம்பெனிகளிடம் செய்து வாங்கித் தன் பெயரில் விற்றது. மாடல் எண்ணில் புள்ளிக்கு முன்னால் வரும் மூன்று இலக்கம் செய்தவர் யார் என்று சொல்லிவிடும். 113 என்றால் செயின்ட் லூயிஸின் எமர்சன் எலெக்ட்ரிக். 103 என்றால் அதற்கு முந்தைய கிங்-சீலி. 315 என்றால் ரியோபி. 113 வரிசைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. உள்ளே இருக்கும் இயந்திர அமைப்பு பெரிய மாற்றம் இல்லாமல் பல வருடம் ஓடியது. கால், ஃபென்ஸ் (மரத்தை நேராகத் தள்ள வழிகாட்டும் தடுப்பு), ஸ்டிக்கர் மாறினால் மாடல் எண்ணும் மாறிவிடும். அடிவயிறு ஏறக்குறைய அதேதான். அதனால் உங்கள் மாடல் எண்ணைப் போட்டுத் தேடி ஒன்றும் வரவில்லை என்றால் சோர்ந்துவிடாதீர்கள். பாகங்களைப் பிரித்துக் காட்டும் விளக்கப்படத்தில் அந்தப் பாகத்துக்கென்று தனி எண் இருக்கும். அதைப் போட்டுத் தேடினால் வேறு மாடலுக்கென்று விற்கப்படும் அதே சாமான் வந்து நிற்கும்.

கிராஃப்ட்ஸ்மேன் பெயரை 2017இல் ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் வாங்கியது. அடுத்த வருடம் அக்டோபரில் சியர்ஸ் திவால் மனு போட்டது. பழைய ரம்பங்களுக்கான விளக்கப்படங்கள் சியர்ஸ் பார்ட்ஸ் டைரக்ட் தளத்தில் கிடைத்தன, ஆனால் நான் தேடியவற்றில் பலவற்றுக்குப் பக்கத்தில் 'இனி கிடைக்காது' என்றுதான் இருந்தது. இருந்தாலும் அந்தப் படம் பெரிய உதவி. எந்த வாஷர் எந்தப் பக்கம் என்று கழற்றிய பிறகு ஞாபகம் வைத்திருப்பது கடினம். கையேடு வேண்டுமென்றால், விண்டேஜ் மெஷினரி என்ற தளத்தில் பழைய இயந்திரக் கையேடுகளை ஸ்கேன் செய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள்.

இனி பாகங்கள். எமர்சன் வெளியில் வாங்கிப் போட்டதெல்லாம் இன்றும் கிடைக்கும். தானே வார்த்துச் செய்ததெல்லாம் புதிதாகக் கிடைக்காது. கிட்டத்தட்ட அவ்வளவுதான் விஷயம்.

பேரிங் முதல் வகை. பிளேடு மாட்டும் தண்டைக் கையால் சுற்றும்போது கரகரவென்றால் பேரிங் போய்விட்டது என்று அர்த்தம். அதன் பக்கவாட்டில் எண் பொறித்திருக்கும். அந்த எண்ணைக் கொண்டுபோனால் எந்தப் பேரிங் கடையிலும் சில டாலருக்கு வாங்கலாம், ரம்பத்தின் பெயரே சொல்ல வேண்டாம். ஒன்றில் மட்டும் கவனம் தேவை. 6203 என்றால் உள்துளை 17 மி.மீ. அதே எண்ணுக்குப் பின்னால் -10 என்று ஒரு வால் இருந்தால் உள்துளை 5/8 அங்குலம், அதாவது 15.875 மி.மீ. வெளிவிட்டம் இரண்டுக்கும் 40 மி.மீ. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பழைய பேரிங்கில் எழுத்து அழிந்திருந்தால் வெர்னியர் வைத்துத் தண்டை அளந்துவிட்டு வாங்குங்கள். இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ள 2ஆர்எஸ் வகையே நல்லது, மரத்தூள் உள்ளே போகாது. மாட்டும்போது தண்டைச் சுத்தியலால் நேரடியாக அடிக்காதீர்கள். பிளேடு ஒட்டி உட்காரும் வட்டத் தட்டு (ஃபிளேஞ்ச்) ஒரு மயிரிழை கோணினாலும் அறுப்பு கெட்டுவிடும். பக்கத்து மெஷின் ஷாப்பில் பிரஸ் இருந்தால் அங்கே கொடுப்பது உத்தமம்.

பெல்ட்டும் அப்படித்தான், அரை அங்குல வி-பெல்ட் எங்கும் கிடைக்கும். மாதக்கணக்கில் சும்மா நின்ற ரம்பத்தில் பழைய பெல்ட் வளைந்த இடத்திலேயே இறுகிப்போய், ஓடும்போது தடதடவென்று ஆட்டும். நான் லிங்க் பெல்ட் போட்டேன், துண்டு துண்டாகக் கோத்து நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வகை. ஆட்டம் நன்றாகவே குறைந்தது. மோட்டாரில் பெரும்பாலும் போவது கபாசிட்டர்தான். அதன் மேல் எழுதியிருக்கும் மைக்ரோஃபாரடும் வோல்ட்டும் பார்த்து வாங்கினால் போதும். தொடும்முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கபாசிட்டரில் தங்கியிருக்கும் மின்சாரத்தையும் இறக்கிவிட வேண்டும். மோட்டாரே எரிந்துபோனால்கூட வேறு மோட்டார் மாட்ட வழி உண்டு. தண்டு விட்டம், சுற்றும் திசை, வேகம், மாட்டும் அடிப்பகுதி எல்லாம் பொருந்த வேண்டும்.

இரண்டாவது வகைதான் படுத்தும். சாய்க்கும் பற்சக்கரம், அதைத் தாங்கும் டிரன்னியன் வார்ப்பு, கைச்சக்கரம், பூட்டும் குமிழ், கோணம் காட்டும் முள். இவற்றைப் புதிதாகச் செய்து விற்க யாருக்கும் கட்டுப்படியாகாது. ஈபேயில், பழைய ரம்பங்களைப் பிரித்து விற்பவர்களிடம் ஒவ்வொன்றாக வாங்கலாம். விலையைக் கூட்டிப் பாருங்கள்: ஒரு கைச்சக்கரம், ஒரு பற்சக்கரம், தபால் செலவு என்று சேர்ந்தால் இன்னொரு முழு ரம்பத்தின் விலை வந்துவிடும். நானும் அந்த முடிவுக்குத்தான் வந்தேன். துருப்பிடித்த மேசையோடு, மோட்டார் இல்லாமல், அடிமாட்டு விலைக்கு வந்த இன்னொரு 113ஐ வாங்கிப் பிரித்தேன். தேவைப்பட்ட பற்சக்கரம் கிடைத்தது. மேசையை இருபக்கமும் நீட்டும் வார்ப்பிரும்பு இறக்கைகள் இரண்டும் உபரி. என் ரம்பத்தில் இருந்தவை மடித்த தகரம், அவற்றைக் கழற்றிவிட்டு இவற்றை மாட்டினேன். இடம் இருந்தால் இதுதான் மலிவான வழி. வீட்டில் 'இன்னொன்றா?' என்று கேட்பார்கள், அதற்குப் பதில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

டிரன்னியனைக் கழற்றி மாட்டினால் பிளேடு மேசைப் பள்ளத்துக்கு இணையாக இருக்காது. இந்த வகை ரம்பத்தில் டிரன்னியன் மேசையின் அடியில் தொங்குகிறது. போல்ட்டுகளைத் தளர்த்தி, தட்டித் தட்டித்தான் நேராக்க வேண்டும். இறுக்கும்போது மறுபடியும் நகரும். பொறுமையைச் சோதிக்கும் வேலை. பின்பக்கம் மாட்டி, திருகைத் திருப்பி நகர்த்தும் சிறு கிட் விற்கிறார்கள். அதற்குக் கொடுத்த காசு வீணில்லை.

ஃபென்ஸ் விஷயத்தில் என் கருத்து கறாரானது: அசலைத் தேடாதீர்கள். பூட்டும்போது பின்முனை இழுத்துக்கொண்டு போகும். புதிதாக இருந்தபோதே அது அப்படித்தான் இருந்திருக்கும். ஒரு இணைய விற்பனையாளர் '113 எல்லாவற்றுக்கும் பொருந்தும்' என்று அனுப்பிய, ஃபென்ஸ் ஓடும் தண்டவாளத்தில் ஓட்டைகள் என் மேசையோடு சேரவே இல்லை. திருப்பி அனுப்பும் செலவும் என் தலையில். கடைசியில் முன்பக்கம் மட்டும் பூட்டும் டி-ஸ்கொயர் வகை ஃபென்ஸ் வாங்கி, மேசையில் புதிதாகத் துளை போட்டு மாட்டினேன். ரம்பத்தைவிட ஃபென்ஸ் விலை அதிகம். ஆனாலும் இந்த இயந்திரத்துக்குச் செய்த செலவுகளில் தினமும் பலன் தெரிவது இதில்தான்.

பிளேடைச் சுற்றி வரும் செருகுத் தட்டு சின்ன சாமான், பெரிய தொல்லை. அது உட்காரும் பள்ளம் ஆழமில்லாததால் சாதாரண பிளைவுட் வெட்டி வைக்க முடியாது. ஓரத்தை மெலிதாகச் செதுக்க வேண்டும். லீகிராஃப்ட் கம்பெனி இந்தப் பழைய ரம்பங்களுக்கென்றே தயாராக விற்கிறது, அதையே வாங்கிவிடலாம்.

பாதுகாப்பு மூடியும், அதோடு வரும் பிரிப்பானும் (அறுத்த மரம் பிளேடின் பின்னால் மூடிக்கொள்ளாமல் விலக்கி வைக்கும் தகடு) பழைய ரம்பங்களில் பெரும்பாலும் இருக்காது. முந்தைய சொந்தக்காரர் கழற்றி எங்கோ போட்டிருப்பார். புதிய ரம்பங்களில் பிளேடோடு சேர்ந்து ஏறி இறங்கும் ரைவிங் நைஃப் என்ற பிரிப்பான் வருகிறது. இதில் அதைப் பொருத்துவது எளிதல்ல. பிரிப்பான் இல்லாமல் நீளவாக்கில் அறுத்தால் மரம் பிளேடைக் கவ்வி நெஞ்சை நோக்கி எகிறலாம். வேறு எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடக் கூடாது. செருகுத் தட்டில் பதிக்கும் சிறு பிளாஸ்டிக் பிரிப்பான் மைக்ரோஜிக் கம்பெனியில் கிடைக்கிறது. நேர் வெட்டுக்கு நான் அதையே வைத்திருக்கிறேன். பிளேடைச் சாய்க்கும்போது அது உதவாது, அப்போது கழற்ற வேண்டியிருக்கிறது. இதுவரை நல்ல மாற்று வழி கிடைக்கவில்லை.

கோணம் காட்டும் முள்ளும் இன்னும் கிடைக்கவில்லை. பிரித்த ரம்பத்திலும் அது உடைந்தே இருந்தது. காந்தம் வைத்த டிஜிட்டல் கோணமானியைப் பிளேடில் ஒட்டி 45 டிகிரி வைத்துக்கொள்கிறேன். அந்த முள்ளைத் தேடுவதை நிறுத்திவிட்டேன்.