ஷட்டர் வைத்த சாக்கெட்டுகள்: ஏறக்குறைய வீடு முழுக்க மாற்றி ஒரு வருடம் ஆன பிறகு

போன வருடம் வீட்டில் இருந்த 11 பழைய சாக்கெட்டுகளைக் கழற்றிவிட்டு, துளைகளை உள்ளே இருந்து மூடி வைக்கும் ஷட்டர் வைத்த புது மூன்று துளைச் சாக்கெட்டுகளைப் போட்டோம். ஆறு இரட்டைச் சாக்கெட், கனமான சாமான்களுக்கு 16 ஆம்பியரில் மூன்று, யூஎஸ்பி சேர்ந்தது இரண்டு. வாங்கின கையோடு எழுதினால் எல்லாமே நன்றாக இருப்பதாகத்தான் தோன்றும் என்பதால் ஒரு வருடம் பொறுத்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஷட்டரும், உள்ளே பிளக்கைக் கவ்விப் பிடிக்கும் தகடும் அருமை. யூஎஸ்பிக்குக் கொடுத்த காசு வீண்.

மாற்ற வேண்டும் என்று தோன்றியதே ஒரு வாடையால்தான். குளியலறைக்கு வெளியே இருந்த சாக்கெட்டில் வாட்டர் ஹீட்டரைப் போட்டுக் கால்மணி நேரம் ஆனால் மீன் கவிச்சி மாதிரி ஒரு வாடை வரும். எங்கே எலி செத்துக் கிடக்கிறது என்று இரண்டு நாள் அலமாரி அலமாரியாகத் தேடினோம். மூன்றாம் நாள் அம்மா பிளக்கைப் பிடுங்கப் போய், கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, "இதைத் தொட்டுப் பாரு, கொதிக்குது" என்றார். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீசியன் அண்ணன் கழற்றிக் காட்டியபோது, பேஸ், அதாவது கரண்ட் வரும் பக்கத்துப் பித்தளைத் தகடு நீலமும் கறுப்புமாக நிறம் மாறிக் கிடந்தது. பிளக்கின் பின்னை இறுக்கிப் பிடிக்க வேண்டிய தகடு அது, விரலால் விரித்தால் விரித்தபடியே நின்றது. அதில் சேரும் வயரின் மேலுறை இரண்டு அங்குலத்துக்குக் காய்ந்த சருகு மாதிரி நொறுங்கியது. வெளியே இருந்து பார்த்தால் வெள்ளை மூடியில் ஒரு துளையைச் சுற்றி லேசான பழுப்பு வளையம், அவ்வளவுதான். சூடான பிளாஸ்டிக்கில் இருந்துதான் அந்தக் கவிச்சி வாடை வந்திருக்கிறது. வீட்டில் காரணம் தெரியாமல் மீன் வாடை அடித்தால் தயவுசெய்து முதலில் சாக்கெட்டுகளைப் பாருங்கள்.

இதில் என்னை உலுக்கியது வேறு விஷயம். ஆபத்து என்றால் தானாகக் கரண்டைத் துண்டிக்கும் எம்சிபியும் இருந்தது, ஆர்சிசிபியும் இருந்தது, இரண்டுமே டிரிப் ஆகவில்லை. ஆகவும் ஆகாது. கரண்ட் அளவுக்கு மீறிப் போனால் எம்சிபி விழும், எர்த்துக்குக் கசிந்தால் ஆர்சிசிபி விழும். லூஸ் கனெக்ஷனில் இரண்டும் நடப்பதில்லை. ஹீட்டர் எப்போதும் இழுக்கிற 10 ஆம்பியரைத்தான் இழுக்கிறது, போன கரண்ட் ஒழுங்காகத் திரும்பியும் வருகிறது. தகட்டுக்கும் பின்னுக்கும் நடுவே கால் ஓம் தடை சேர்ந்தால் போதும், 10 ஆம்பியருக்குக் கணக்குப் போட்டால் அந்த ஒரு புள்ளியில் மட்டும் 25 வாட் சூடு. ஒரு சின்ன சால்டரிங் அயர்னை ஆன் செய்து சுவருக்குள் புதைத்து வைத்ததற்குச் சமம். சூட்டில் தகட்டின் விறைப்பு இன்னும் போகும், விறைப்பு போனால் தடை ஏறும், தடை ஏறினால் சூடு இன்னும் கூடும். இந்தச் சுழற்சியை உடைக்க அந்தப் பித்தளைத் தகடு நன்றாக இருந்தால்தான் உண்டு.

அதனால் புதிது வாங்கும்போது நான் பார்த்த முதல் விஷயம் பிடிமானம். வீட்டில் இருந்து ஒரு பிளக்கை எடுத்துப்போய்க் கடையில் ஒவ்வொன்றிலும் செருகி உருவிப் பார்த்தேன். நல்ல சாக்கெட்டில் செருகினால் கடைசி அரை அங்குலம் தானாக உள்ளே வழுக்காது, கையால் தள்ளித்தான் போக வேண்டும், போனபின் ஆட்டினால் ஆடக் கூடாது. நாங்கள் எடுத்த சாக்கெட்டில் தகடு பின்னை இரண்டு பக்கமும் கவ்வுகிறது, முனையில் தனியாக ஒரு ஸ்டீல் வில்லும் இருக்கிறது. ஒரு வருடம் கழித்தும் ஹீட்டர் ஓடி முடிந்ததும் பிளக்கைத் தொட்டால் இளஞ்சூடுதான். சர்வதேசத் தரமான ஐஇசி 60884 சோதனையில் ஒரு சாக்கெட்டை 5,000 முறை செருகி உருவிப் பார்க்கிறார்கள். பெரிய எண்ணிக்கையாகத் தெரியும், ஆனால் ஒரு நாளைக்கு ஐந்து முறை செருகிப் பிடுங்கினால் மூன்று வருடம்கூட ஆகாது. ஆகவே வீட்டில் அதிகம் புழங்கும் சாக்கெட்தான் முதலில் தளரும், அதைத்தான் அடிக்கடி தொட்டுப் பார்க்க வேண்டும். அதே தரத்தில் சூட்டுக்கும் ஒரு சோதனை உண்டு: கரண்ட் ஓடும் பாகங்களைத் தாங்கும் பிளாஸ்டிக் மேல் 850 டிகிரி செல்சியஸில் பழுத்த கம்பியை வைப்பார்கள், மற்ற பாகங்களுக்கு 650. தீப்பற்றினாலும் கம்பியை எடுத்தபின் சட்டென்று அணைந்துவிட வேண்டும். தர முத்திரை இல்லாத சாக்கெட் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்று நான் சொல்வது இதற்காகத்தான். இதையெல்லாம் வீட்டில் நாம் சோதித்துப் பார்க்கவே முடியாது, முத்திரையை நம்பித்தான் ஆக வேண்டும்.

அடுத்தது ஷட்டர். மேலே இருக்கும் எர்த் துளை பெரியது, பிளக்கில் எர்த் பின்னும் நீளமானது. அது முதலில் உள்ளே போய் ஷட்டரைத் தள்ளினால்தான் கீழே இரண்டு துளைகளும் திறக்கும். பிரிட்டனின் பிஎஸ் 1363 தரத்துச் சாக்கெட் இந்த வகை, 1947இல் வந்தது. அதற்கு அடிப்படையாக, போருக்குப் பிந்தைய வீடுகளில் மின்சாரம் எப்படி இருக்க வேண்டும் என்று யோசிக்க அமைத்த குழுவில் மின் பொறியாளர் கரோலின் ஹாஸ்லெட் ஒருவர்தான் பெண். குழந்தை கையை விட்டாலும் ஒன்றும் ஆகக் கூடாது என்பதை அந்தக் குழுவில் அழுத்திச் சொன்னவர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். அமெரிக்காவில் புது வீடுகளுக்கு ஷட்டர் கட்டாயம் என்று தேசிய மின்சார விதியில் சேர்க்க 2008 ஆனது. இடையில் அறுபது வருடம்.

ஆனால் எர்த் பின்னை மட்டும் நம்பும் ஷட்டரில் ஒரு ஓட்டை இருக்கிறது, நம்மில் பலர் அதைத் தினமும் பயன்படுத்தியவர்கள். இரண்டு பின் உள்ள சார்ஜரைச் செருக வேண்டும், ஷட்டர் விடாது. உடனே ஒரு பேனாவை எடுத்து எர்த் துளையில் குத்தி, ஷட்டர் விலகியதும் சார்ஜரைச் செருகுவது. எங்கள் வீட்டிலும் ஹாலில் சாக்கெட் பக்கத்திலேயே இதற்கென்று ஒரு மை தீர்ந்த பேனா கிடக்கும். அக்கா மகனுக்கு மூன்று வயது. ஒருநாள் அவன் அந்தப் பேனாவை எடுத்து, எங்களைப் போலவே சரியாக மேல் துளையில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இன்னொரு கையில் ஸ்பூன். சுவிட்ச் அணைந்திருந்தது என்பதால் தப்பித்தோம். நாங்கள் செய்வதைப் பார்த்துத்தான் அவன் கற்றுக்கொண்டான், அவன் மேல் தப்பே கிடையாது.

இப்போது போட்டிருப்பதில் மூன்று துளைகளிலும் ஒரே நேரத்தில் பின்கள் அழுத்தினால்தான் ஷட்டர் நகரும். மெயினை அணைத்துவிட்டு ஹேர்பின், ஸ்குரூ டிரைவர், பேனா எல்லாம் வைத்து ஒவ்வொரு துளையாகக் குத்திப் பார்த்தேன், அசையவில்லை. குறை என்னவென்றால் முதல் இரண்டு வாரம் பயங்கரமாக இறுகியிருந்தது. பிளக்கைக் கொஞ்சம் கோணலாகப் பிடித்தால் உள்ளே போகாது. அம்மா இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்துவிட்டு என்னைத்தான் கூப்பிடுவார். போகப் போகச் சரியாகிவிட்டது. இரண்டு பின் சார்ஜர்களுக்கு மூன்று பின் அடாப்டர் நான்கு வாங்க வேண்டி வந்தது, அதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒன்று, ஷட்டர் இருக்கும் சாக்கெட்டில் குழந்தைப் பாதுகாப்புக்கு என்று விற்கும் பிளாஸ்டிக் மூடிகளைச் செருகாதீர்கள். 2016இல் பிரிட்டன் சுகாதாரத் துறையே மருத்துவ, சமூகப் பராமரிப்புக் கட்டிடங்களில் அவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்று எச்சரிக்கை விட்டது. தலைகீழாகச் செருகினால் அந்த மூடியின் எர்த் பின்னே ஷட்டரைத் திறந்து வைத்துவிடும். அளவு சரியில்லாத மூடி தகட்டை விரித்தும் விடும். உள்ளே இருக்கும் பாதுகாப்பை வெளியே இருந்து வாங்கியது கெடுக்கும்.

பாதி செருகிய பிளக் விஷயத்தில் எனக்கு இந்த சாக்கெட் மேல் வருத்தம் உண்டு. முகம் தட்டையாக இருக்கிறது. பிளக் பாதி வெளியே நிற்கும்போது பின்கள் தெரியும், அதில் கரண்டும் இருக்கும். பிளக்கின் பின்களில் அடிப்பாகம் பிளாஸ்டிக் உறை போட்டதாக இருந்தால் பயமில்லை, பிரிட்டனில் 1984 முதல் அப்படித்தான் வருகிறது. எங்கள் வீட்டில் இருக்கும் பாதி பிளக்குகள் முழுப் பித்தளை. ஜெர்மனியின் ஷூகோ வகையில் இந்தக் கவலையே இல்லை. 1920களில் ஆல்பர்ட் பியூட்னர் உருவாக்கியது அது. சாக்கெட்டே ஒரு கிண்ணம் மாதிரி குழிந்திருக்கும், பிளக்கின் உடம்பு அந்தக் குழியை அடைத்த பிறகுதான் பின்கள் உள்ளே கரண்டைத் தொடும். விரல் நுழைய வழியே கிடையாது. எர்த் தகடுகள் பக்கவாட்டில் இருந்து முதலிலேயே தொட்டுவிடும். பேஸ், நியூட்ரலை மாற்றிப்போட்டுச் செருகலாம் என்பது ஷூகோவின் குறை. ஆனால் அந்தக் குழியை மட்டும் எல்லா நாட்டுக்காரர்களும் எடுத்துக்கொண்டிருக்கலாம். எந்த நாட்டுப் பிளக்கையும் ஏற்கும் யுனிவர்சல் சாக்கெட் இதற்கு நேர் எதிர். துளை பெரியது, பிடிமானம் குறைவு, ஷூகோ பிளக்கைப் போட்டால் எர்த்தே சேராது. வேண்டவே வேண்டாம்.

வசதியைப் பற்றிப் பலரும் அழகு சம்பந்தப்பட்டதாகப் பேசுகிறார்கள். எனக்கு அது பாதுகாப்பில் பாதி. பேனா குத்தியது ஏன்? சார்ஜர் போகவில்லை என்பதால். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஏன்? சாக்கெட் போதவில்லை, அல்லது கட்டிலுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. வயரைப் பிடித்து இழுப்பது ஏன்? குனிந்து பிளக்கைப் பிடிக்க முடியவில்லை. அம்மாவுக்கு முட்டி வலி. தரையில் இருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்த சாக்கெட்டை அவர் எப்போதுமே வயரைப் பிடித்துத்தான் பிடுங்குவார், அதனால் அயர்ன்பாக்ஸ் வயர் கழுத்தில் பிய்ந்து கம்பி தெரிந்தது. பிரிட்டனில் புது வீடுகளுக்கு சாக்கெட்டும் சுவிட்சும் தரையில் இருந்து 450 மில்லிமீட்டருக்கும் 1,200 மில்லிமீட்டருக்கும் நடுவில் வர வேண்டும் என்று விதி இருக்கிறது. சுவரை உடைப்பதுதான் உடைக்கிறோம் என்று நாங்களும் ஐந்து சாக்கெட்டுகளை இடுப்பு உயரத்துக்கு ஏற்றினோம். இந்த மொத்த வேலையிலும் அதிகப் பலன் தந்தது அதுதான், எந்த பிராண்டும் அதைச் செய்து தராது. அம்மா இப்போது பிளக்கைப் பிடித்தே பிடுங்குகிறார், தினமும் ஹீட்டரை அவரே கழற்றி வைக்கிறார்.

இரட்டைச் சாக்கெட்டில் இரண்டுக்கும் நடுவே இடைவெளி இன்னும் ஒரு விரல் அளவாவது விட்டிருக்க வேண்டும். லேப்டாப் சார்ஜர் மாதிரி தடித்த அடாப்டரைப் போட்டால் பக்கத்துத் துளை மூடிக்கொள்கிறது, இரட்டை வாங்கியும் ஒற்றையாகத்தான் பயன்படுகிறது. சுவிட்ச் அருகில் சின்னச் சிவப்பு விளக்கு, இருட்டில் உதவியாக இருக்கிறது.

யூஎஸ்பிக்கு வருவோம். இரண்டில் ஒன்று எட்டாவது மாதம் செத்துப்போனது. மாற்றித் தரச் சொல்லிக் கேட்டதற்கு, மின் இணைப்புக் கோளாறாக இருக்கும் என்று தயாரிப்பாளர் தரப்பில் கைகழுவிவிட்டார்கள், அதே பெட்டியில் சாக்கெட் நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே. பெரிய கோபம் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், சாக்கெட்டோடு யூஎஸ்பியைச் சேர்க்கும் யோசனையே தப்பு. பித்தளைத் தகடும் ஸ்குரூவும் இருபது வருடம் உழைக்கும். அதன் முதுகில், காற்றுப் போகாத சுவர்ப் பெட்டிக்குள், கெப்பாசிட்டர் வைத்த ஒரு சார்ஜர் சர்க்யூட்டை ஒட்டினால் அது சூட்டில் சீக்கிரம் போகத்தான் செய்யும். போனால் முழுச் சாக்கெட்டையும் கழற்ற வேண்டும். இன்னொன்றில் இருப்பது பழைய நீள்சதுர வாய், வீட்டில் இருக்கும் புது போன்களுக்கு டைப்-சி கேபிள்தான் வேண்டும். தனிச் சார்ஜராக இருந்தால் தூக்கிப்போட்டு வேறு வாங்கிக்கொள்ளலாம்.

மாற்றப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வயரை முனையில் பொருத்தும் ஸ்குரூவை அரைகுறையாக விட்டால் எவ்வளவு நல்ல சாக்கெட்டும் கருகும். எங்கள் வீட்டிலும் ஒன்றை மூன்றாவது மாதம் கழற்றி இறுக்க வேண்டியிருந்தது, பல இழை வயர் அழுந்தி அழுந்தித் தளர்ந்திருந்தது. ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியர் உள்ளதாக இருக்கட்டும், அதில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள்.

பீரோவுக்குப் பின்னால் ஒரே ஒரு பழைய சாக்கெட் பாக்கி இருக்கிறது. அடுத்த வாரம் பீரோவை நகர்த்தி அதையும் இடுப்பு உயரத்துக்கு ஏற்றுகிறோம். செத்துப்போன யூஎஸ்பி சாக்கெட்டுக்கும் சேர்த்து, யூஎஸ்பி இல்லாத இரட்டைச் சாக்கெட்டாக இரண்டு வாங்கி வைத்துவிட்டேன், மூன்று துளையும் அழுத்தினால்தான் திறக்கும் அதே வகைதான்.