உப்புக் களிமண்ணா, உப்பு போன களிமண்ணா?

நார்வேயின் பள்ளத்தாக்குகளில் இரண்டையும் பார்க்கலாம்; வீடு கட்ட எது ஆபத்து என்பதுதான் கேள்வி. பனியுகத்தின் முடிவில் கடலடியில் படிந்த களிமண், நிலம் மேலெழுந்தபோது கரையேறியது. தொடக்கத்தில் அதன் துளைநீரில் (துகள்களுக்கு இடையே தங்கும் நீரில்) லிட்டருக்கு 30 கிராமுக்கு மேல் உப்பு இருந்தது. சீட்டுக்கட்டு வீடுபோல் நிற்கும் துகள்களை அந்த உப்புதான் பிடித்து வைக்கிறது. கிளறிக் கலைத்தாலும் மண் பசைபோல ஒட்டும். அதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை.

ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நன்னீர் ஊறி ஊறி, உப்பை 2 கிராமுக்கும் கீழே கொண்டுபோன மண்தான் ஆபத்து. தொடாதவரை உறுதியாகத்தான் தெரியும். (ஏமாற்றுவதே அங்குதான்.) கலைத்துவிட்டால் மோர்போல ஓடும். அதில் உப்பைப் போட்டுக் கிளறினால் மறுபடி கெட்டிப்படும்.

1978 ஏப்ரலில் நார்வேயின் ரிஸா என்ற ஊரில், இப்படி உப்பு போன களிமண்மேல், களஞ்சியத்தை விரிவாக்கத் தோண்டிய சுமார் 700 கன மீட்டர் மண்ணை ஏரிக்கரையில் கொட்டினார்கள். அந்தச் சின்னச் சுமைக்குச் சரிந்தது 50 லட்சம் கன மீட்டருக்கு மேல். சரிவும் அவ்வளவு செங்குத்தானதல்ல. உப்புள்ள களிமண்ணாக இருந்திருந்தால் கரையோரம் கொஞ்சம் இடிந்து, அங்கேயே நின்றிருக்கும்.

ஆகவே அங்கே வீடு கட்டுவதானால், சரிவின் கோணத்தை மட்டும் அளந்து திருப்தியடையாமல், கலைத்த மண்ணின் வலிமையையும் நான் கேட்பேன்.